ஈசானிய மூலை அறை

செருப்பை அங்கேயே விட்டுட்டு உள்ள வாங்க தம்பி. தரை ஈரமெல்லாம் இல்ல. நேத்து துடைச்சது, காயறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி எதிர்வீட்டு தமயந்தி உங்களை நிறுத்திப் பேசினதை நான் பால்கனியிலேருந்து பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினா. என் வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் அவளுக்கு அப்பத்தான் வாசல் பெருக்கணும். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. நாலு பேரும் அவகிட்ட பேசினாங்க, நாலு பேரும் போய் போன் பண்றோம்மான்னு போனாங்க. ஒரு போனும் வரல. அதனால இனிமே நானே சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. படிச்சவர் மாதிரி தெரியறீங்க, உங்களுக்குப் புரியும்.

இது ஹாலு. அது சமையலறை. அதுக்குப் பின்னால இருக்கே, இந்த பெட்ரூம், இதுதான் ஈசானிய மூலை. வீட்டுலயே விசேஷமான இடம் இதுதான். சுவர் எப்படி இருக்கு பாருங்க. போன வாரம்தான் பட்டி வெச்சு, தேய்ச்சு, ரெண்டு கோட்டு அடிச்சது. பெயிண்டர் வெள்ளை அடிக்கலாம்மான்னான். வெள்ளையில எல்லாம் பளிச்சுன்னு தெரியும், வேணாம்ப்பா, நல்ல கரும்பச்சையா அடின்னு சொல்லிட்டேன். தூசியைத்தான் சொல்றேன்.

கோவிலம்பாக்கத்துல நாங்க மனை வாங்கி இருபத்திரெண்டு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் மின்வாரியத்துல இருந்து ரிடையர் ஆனவர். கீழ நாங்க இருந்தோம், மாடி காலியா கிடந்தது. ஒரே பொண்ணு ஹேமா. அவளுக்கு இருபத்தொன்பது வயசாகியும் கல்யாணம் தகையல. ஏழு இடம் வந்து தட்டிப் போச்சு. ஏழாவது இடம் நிச்சயத்துக்குத் தேதி குறிச்சு, மண்டபத்துக்கும் சொல்லிட்ட பிறகு நின்னுது. நான் சாப்பிடாம கிடந்தேன். அப்பத்தான் யாரோ சொல்லி வாஸ்து பார்க்கறவரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் ஒரு பெட்டியிலேருந்து காம்பஸை எடுத்து வெச்சு வீடு பூரா நடந்தாரு. கடைசியில இந்த ரூமுக்கு வந்து நின்னு, கோளாறு இங்கதான் இருக்குன்னுட்டாரு. ஈசானியத்துல தண்ணி இருக்கணும், இங்க இல்ல. சுவரை ஒட்டி வெளிய சம்ப்பு தோண்டுங்க, தரைக்கு அடியில தண்ணி நிக்கட்டும்னாரு. தண்ணிக்கு நேர் மேல ஜன்னல் வாய் திறந்து இருந்தா வீட்டுப் பொண்ணோட பாக்கியம் அது வழியா போயிடும், அதனால ஜன்னலை எடுத்துட்டுச் செங்கல் வெச்சு அடைச்சிடுங்கன்னாரு. அதோ, அந்த இடத்துலதான் ஜன்னல் இருந்தது. இப்ப தெரியுதா? தெரியாது. அவ்வளவு சுத்தமா பூசியிருக்கு.

சம்ப்பு போட்டு, ஜன்னலை அடைச்சு, சரியா அஞ்சாவது மாசம் ஹேமா கழுத்துல தாலி ஏறிச்சு. மாப்பிள்ளை பெங்களூர்ல பெரிய வேலை. கண் முன்னாடி நடந்தது தம்பி. நம்பாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

அடுத்த மழைக்குத்தான் இந்த ரூம்ல ஒரு சின்னத் தொல்லை வந்தது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லிடறேன். இந்தச் சுவரை ஒட்டி என் பீரோ இருந்தது. கார்த்திகை தீபத்தன்னிக்குக் கட்டலாம்னு திறந்தா, குப்புன்னு ஒரு நாத்தம். பட்டுப்புடவை எட்டுலயும் பூசணம். என் கூரைப்புடவையில மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் புள்ளி. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அன்னிக்கே ஆள் வெச்சு பீரோவை மாடிக்கு ஏத்திட்டேன். பின்னாலயே நாங்களும் மாடிக்குப் போயிட்டோம். ஒரு புடவை வைக்கக்கூட லாயக்கில்லாத ரூம், பூட்டி வெச்சு என்ன ஆகப்போகுது, குடித்தனம் விட்டுடலாம்னு அப்பத்தான் தோணிச்சு.

ரெண்டு மூணு பேர் வந்தாங்க, போனாங்க. அவங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. போன வருஷம் ஆனி மாசக் கடைசியில வந்தாங்க இவங்க. சிவலிங்கம்னு பேரு அவருக்கு, காஸ் சிலிண்டர் வீடு வீடாப் போடற வேலை. சம்சாரம் அமுதவல்லி, முப்பத்திரெண்டு வயசு, ஜாக்கெட் தைப்பா. ஒரே பொண்ணு தர்ஷினி, நாலாவது படிச்சிட்டிருந்தது. ஆடி பொறந்துட்டா குடி போக முடியாதேன்னு அவங்களுக்கு அவசரம். அவசரத்துல வர்றவங்க சுவத்தையெல்லாம் தட்டிப் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. நல்ல வெயில் வேற, சுவர் காஞ்சு கிடந்தது. பால் காய்ச்சி எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து குடுத்தா. அம்மான்னுதான் கூப்பிடுவா. நானும் அவளைப் பொண்ணு மாதிரிதான் வெச்சிருந்தேன், அதை யார் வேணா கேட்டுக்கங்க.

ஹால்ல வெளிச்சம் பத்தாதுன்னு தையல் மிஷினை அவ இந்த ரூம்லதான் போட்டா. இந்தச் சுவரை ஒட்டி. இங்கதான் டியூப்லைட் இருக்கு. காலையில புருஷனையும் பொண்ணையும் அனுப்பிட்டு உட்கார்ந்தான்னா சாயங்காலம் வரைக்கும் மிஷின் சத்தம் மாடிக்குக் கேக்கும். நல்ல கைவேலை. எனக்கு இந்த உடம்புக்கு எவளும் கை சரியா வைக்க மாட்டா, அவ ஒரே தடவை அளவெடுத்து வெச்சா.

புரட்டாசி வரைக்கும் ஒரு வம்புமில்ல. ஐப்பசி மழை பிடிச்சுது, ஆரம்பிச்சா. அம்மா, சுவர் ஓதம் அடிக்குதும்மான்னா. மழைன்னா ஓதம் அடிக்கத்தான் செய்யும்னேன். பத்து நாள் கழிச்சு, அம்மா, கீழேருந்து கறுப்பா ஏறுதும்மா, தொட்டா கையில மை மாதிரி வருதும்மான்னு வந்தா. நான் இறங்கி வந்து பார்த்தேன். இருந்தது, இல்லைன்னு சொல்லல. இடுப்பு உயரத்துக்கு இருந்தது. உள்ள கொடி கட்டி ஈரத்துணி காயப் போட்டிருந்தா. பாரு, இதான் காரணம், வீட்டுக்குள்ள துணி காயப் போட்டா சுவர் என்ன ஆகும்னு சத்தம் போட்டேன். மொட்டைமாடி கேட்டா. மொட்டைமாடி எங்களுக்கு மட்டும்தான்னு குடி வரும்போதே சொல்லித்தானே விட்டேன். அங்க என் வடாம் காயுது, வத்தல் காயுது, கண்டவங்க உள்பாவாடையும் அங்க காயணுமா.

ஆனாலும் நான் சும்மா இருக்கல. சாம்பிராணி போடச் சொன்னேன். போட்டா, போட்டுட்டு இன்னும் ஜாஸ்தியா இருமினா. கற்பூரத்தைப் பொட்டலமா கட்டித் தொங்க விடச் சொன்னேன். லட்சுமி காலண்டர் ஒண்ணு பெருசா இருந்தது, அதைக் கொண்டுபோய் அந்தக் கறை மேல மாட்டிக்கோ, பார்க்க நல்லா இருக்கும்னு குடுத்தேன். காலண்டருக்குப் பின்னாலயும் பூத்துடுச்சுன்னு எடுத்துக்கிட்டு வந்து காட்டறா. சாமி படத்தை நீ எப்படி வெச்சிருக்கே பாருன்னு எனக்குக் கோபம் வந்துடுச்சு.

இருமல் முத்தி அவளுக்கு இழுப்பாயிடுச்சு. மூச்சு இழுத்து விடறது, பூனை கத்தற மாதிரி சத்தம் கேக்கும். வாயில வெச்சு அழுத்தற பஃப் வாங்கிக் குடுத்தாரு அவர். டாக்டர் கேட்டாராம், தூங்கற ரூம்ல பூசணம் இருக்கான்னு. இருக்குன்னிருக்கா. அப்ப முதல்ல அந்த ரூமை மாத்து, இல்ல காத்தோட்டத்துக்கு வழி பண்ணுன்னாராம். டாக்டருங்களுக்கு என்ன, சொல்லிடுவாங்க. இருக்கறது ஒரு ஹாலு ஒரு ரூமு. ஹால்ல தண்ணி கேனும் சிலிண்டரும் சைக்கிளும். எங்க போய் மாத்துவா.

நடுவுல கொத்தனாரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் சம்ப்புக்குள்ள இறங்கிப் பார்த்துட்டு, அம்மா, உள்பக்கம் விரிசல் விட்டிருக்கு, தண்ணி பூரா இந்தச் சுவத்துக்குத்தான் போகுது, சம்ப்பை மூடிட்டு வேற பக்கம் தோண்டுங்கன்னான். ஈசானியத்தை விட்டுட்டு வேற எங்கடா தோண்டறது? அவனுக்கு வேலை வேணும், அதுக்கு இப்படி ஒரு கதை. அதோட அவனை அனுப்பிட்டேன்.

அதுக்குப் பிறகு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஜன்னல். நீங்க பூச வேணாம்மா, பெயிண்ட் வேணாம்மா, அந்த ஜன்னலை மட்டும் திறந்து விடுங்கம்மா, எனக்கு மூச்சு வந்தா போதும்மா. பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேப்பா. மாவு அரைக்க வந்தா ஜன்னல், வாடகை குடுக்க வந்தா ஜன்னல். நான் எப்படித் திறக்க முடியும்? கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு அப்பத்தான் ஹேமா முழுகாம இருந்தா. ரெண்டாம் மாசம். எந்த ஜன்னலை அடைச்சதால அவளுக்கு வாழ்க்கை வந்ததோ, அதைப் போய் அவ வயித்துல பிள்ளையோட இருக்கும்போது திறப்பாங்களா? ஒரு தாயா யோசிச்சுப் பாருங்க. அவளும் தாய்தானே, புரிஞ்சுக்க வேணாமா?

கார்த்திகை ஆரம்பத்துல காஞ்சிபுரத்துல என் தங்கச்சி வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தோம். திரும்பி வந்து கேட்டைத் திறக்கறேன், சுவத்துல பெரிய ஓட்டை. செங்கல்லெல்லாம் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கு. சிவலிங்கம் சுத்தியல் எடுத்து உடைச்சிருக்காரு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இவ மிஷின்ல உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கிட்டு தைக்கிறா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னா. சும்மா சொல்லக்கூடாது, முகத்துல ஒரு தெளிவு வந்திருந்தது. நாலு நாளா பஃப் அடிக்கலம்மா, ராத்திரி படுத்துத் தூங்கினேன்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. ஐப்பசியிலேருந்து அவ உட்கார்ந்துதான் தூங்கியிருக்காளாம். நான் ஓட்டையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன், இவ தூங்கின கதை சொல்றா.

அன்னிக்குச் சாயங்காலமே பெங்களூர்லேருந்து போன். ஹேமாவுக்கு உதிரம் படுதாம். மூணாம் மாசம். அடிவயித்துல வலி நாலு நாளா இருக்குதாம், நான் பயப்படுவேன்னு சொல்லாம இருந்திருக்கா. நாலு நாள், கேட்டீங்களா தம்பி? இவங்க ஜன்னலை உடைச்சு எத்தனை நாள்? நாலு நாள். இதுக்கு மேல எனக்கு யார் வந்து சொல்லணும்?

மறுநாள் காலையில முதல் வேலையா வேற ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். சிவலிங்கம் வேலைக்குப் போயிட்டாரு. அவன் வெளிப்பக்கமா நின்னு கலவை வெச்சு ஒவ்வொரு வரிசையா அடுக்கறான். நான் பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவ உள்பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. சண்டை போடல, அழல. மார் வரைக்கும் வந்தது, கழுத்து வரைக்கும் வந்தது, மூஞ்சி மட்டும் தெரிஞ்சுது. கடைசி வரிசைக்கு வந்தப்பதான் வாயைத் திறந்தா.

"அம்மா, மேல் வரிசையில ஒரே ஒரு செங்கல்லு விட்டுடச் சொல்லுங்கம்மா. மூக்கை நீட்டற அளவு போதும்."

கொத்தனார் கரண்டியை நிறுத்திட்டு என்னைப் பார்த்தான். ஒரு செங்கல்லுன்னாலும் ஓட்டை ஓட்டைதானே. வைப்பான்னேன், வெச்சுட்டான்.

ரெண்டு நாள்ல ஹேமாவுக்கு உதிரம் நின்னுடுச்சு. ஊசி போட்டாங்க, படுக்கையில இருக்கச் சொன்னாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு. ஊசியால நிக்கிறதா இருந்தா முதல் நாளே நிக்கணுமில்ல. எனக்குத் தெரியும் எதால நின்னுதுன்னு.

சிவலிங்கம் வந்து கத்துவாரு, சண்டைக்கு வருவாருன்னு எதிர்பார்த்தேன். வந்தாரு, மாடிப்படி கீழ நின்னாரு. மார்கழி வரப்போகுது, யாரும் வீடு தர மாட்டாங்க, தை பொறந்ததும் காலி பண்ணிடறோம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆக இன்னும் அம்பது நாள். மார்கழியில குடி மாறக்கூடாதுன்னு நானா சட்டம் போட்டேன்? அம்பது நாள் ஒரு பொம்பளையால பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாதா? இத்தனைக்கும் பகல்ல கதவைத் திறந்து வெச்சுக்கோன்னுதான் சொன்னேன். திறந்தா நாய் வருது, சாரல் அடிச்சுத் தைக்கிற துணி நனையுதுன்னு அவளே சாத்திக்கிட்டா. அதுக்கு நான் என்ன பண்ண.

ஒன்பதாம் நாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் கொஞ்சம் கட்டையைச் சாய்ச்சேன். பெல் அடிச்சுது. இந்த வீட்டுல மத்தியானம் பெல் அடிச்சா மோட்டார் போடச் சொல்றாங்கன்னு அர்த்தம். ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் பெல் அடிக்கக்கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருக்கேன், வரும்போது பார்த்திருப்பீங்க. விட்டு விட்டு அடிக்குது. அப்புறம் விடாம அடிக்குது. எவ்வளவு திமிரு பாரு, ஒரு குடம் தண்ணிக்கு இப்படியான்னு நான் எழுந்திருக்கல. எங்க வீட்டுக்காரர் எழுந்தாரு. நான்தான், இன்னிக்கு எழுந்து போனா தினம் அடிப்பாங்க, படுங்கன்னேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுது. நின்னதும் எனக்கு நிம்மதியாக் கண் அசந்துட்டுது.

அந்தப் பொண்ணுதான் அடிச்சிருக்கு. அம்மா மிஷின் மேலயே சாஞ்சு, மூச்சு வராம கையைக் கையை ஆட்டியிருக்கா. இது மாடிக்கும் கீழுக்குமா ஓடிப் பார்த்துட்டு எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கு. தமயந்தி மழையில மெயின் ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடிச்சு, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அதுக்கு இந்தத் தமயந்தி என்ன சொல்லிக்கிட்டுத் திரியறா தெரியுமா? வீட்டுக்கார அம்மாவோட கார் போர்ட்டிகோவிலயே நின்னுது, கேக்கறதுக்குத்தான் ஆள் எழுந்திருக்கலன்னு. தூங்கறவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணும் சொல்றா. ஒரு செங்கல்லு விட்டிருந்தா அவ இருந்திருப்பான்னு. செங்கல்லுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க. நீங்க படிச்சவங்கதானே. எங்கயோ இருக்கற ஜன்னலை அடைச்சா ஒருத்திக்கு உயிர் போகுமா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசறது.

மறுநாள் காலையில பதினோரு மணி இருக்கும், ஆம்புலன்ஸ் வந்து கேட்டு முன்னாடி நின்னுது. சிவலிங்கம் இறங்கினாரு. பின்னாலயே அவங்க சொந்தக்காரங்க ஏழெட்டுப் பேர். நான் பால்கனியில நின்னேன். தம்பி, வாடகை வீட்டுக்குன்னு ஒரு முறை இருக்கு. இந்தத் தெருவில யாரும் விட மாட்டாங்க. நான் அதைத்தான் சொன்னேன், புதுசா ஒண்ணும் சொல்லல. உள்ள கொண்டுவர வேணாம்ப்பா, நேரா கொண்டுபோயிடுங்கன்னேன்.

அவர் கையைக் கூப்பினாரு. "அம்மா, குளிப்பாட்டி ஒரு புடவை மாத்திக்கிறோம். அரைமணி நேரம். அவ வீட்டுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்மா."

அவ வீடாம். என் வீட்டை, என் கண் முன்னாடியே. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு பிரசவத்துக்கு வந்து நிக்கப்போற வீடு இது. இதுல பொணத்தைக் கிடத்தினா நான் அவளை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? முடியாதுன்னா முடியாதுன்னுட்டு உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன்.

தமயந்தி என்ன பண்ணினா தெரியுமா? அவ வீட்டு கேட்டை ரெண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, இங்க கொண்டுவாங்கன்னா. அவ வீட்டு முன்வாசல்ல கிடத்தி, அவ வீட்டுத் தண்ணியில குளிப்பாட்டி, அவ புடவையில ஒண்ணை எடுத்துச் சுத்தினாங்க. என் குடித்தனக்காரிக்கு எதிர்வீட்டு வாசல்லேருந்து சாவு எடுக்கறாங்க. தெருவே கூடி நின்னு அந்தப் பக்கம் பார்க்காம என் பால்கனியைப் பார்க்குது. செத்தவ மேல இருக்கற பாசமா அது? என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தணும், அதுக்குத்தான் பண்ணினா. அன்னிலேருந்து நான் அவ முகத்துல முழிக்கிறதில்ல.

எங்க வீட்டுக்காரர் வேற, சொல்லாம கொள்ளாம இறங்கிப் போய் அந்தக் கூட்டத்துல நின்னாரு. அவர் தோள் குடுத்ததா அப்புறம் கேள்விப்பட்டேன். வந்து வெளிக்குழாயில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு மாடிக்கு ஏறினவர்தான், அதோட கீழ இறங்கறதையே விட்டுட்டாரு. முட்டி வலின்னு நினைக்கிறேன். நீங்க குடி வந்த பிறகு ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க, அவரைக் கூப்பிடாதீங்க.

பதினாறு முடிஞ்சு அப்பனும் பொண்ணும் காலி பண்ண வந்தாங்க. மார்கழியாவது ஒண்ணாவதுன்னு சாமானை வண்டியில ஏத்தறாரு. நான் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல, இறங்கி வந்து வாசல்ல நின்னேன். எனக்கு ஒரு கவலையும் இருந்தது. பொங்கலுக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கு ஜாக்கெட் அவகிட்டதான் குடுத்திருந்தேன். தெச்சாளோ, வெட்டிப் போட்டதோட போயிட்டாளோன்னு. எப்படிக் கேக்கறதுன்னு கொஞ்சம் யோசிச்சேன். வண்டி கிளம்பிடுச்சுன்னா அப்புறம் யாரைப் பிடிக்கிறதுன்னு கேட்டுட்டேன்.

அவர் பாட்டுக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டிருந்தாரு. அந்தப் பொண்ணுதான் உள்ள போய் ஒரு பையை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துது. அம்மா தெச்சு முடிச்சுட்டாங்க, கொக்கி மட்டும்தான் பாக்கி இருந்தது, நான் வெச்சுட்டேன்னு சொல்லிச்சு. மாடிக்குப் போய்ப் பிரிச்சுப் பார்த்தேன். கொக்கி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்குது. ஒன்பது வயசுப் பிள்ளை வெச்சா வேற எப்படி இருக்கும். எல்லாத்தையும் பிளேடால அறுத்துட்டு, கடையில குடுத்து ஒழுங்கா வெச்சு வாங்கிக்கிட்டேன். போன மாசம் ஹேமா வளைகாப்புக்கு அதைத்தான் போட்டேன். யார் தெச்சது, யார் தெச்சதுன்னு வந்தவங்க எல்லாம் கேட்டாங்க.

இதான் தம்பி நடந்தது. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு எங்க இருக்கு? அவ உடம்பு சொகமில்லாதவ, விதி முடிஞ்சுது, போயிட்டா. எனக்கு மட்டும் வருத்தமில்லையா. எனக்கு இன்னும் அந்த மாதிரி அளவு பார்த்துத் தைக்க ஆள் கிடைக்கல. ஆனா ஒண்ணு, இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒரு சாவு விழுந்ததில்ல. அதை நான் எந்தக் கோயில்லயும் கற்பூரம் அணைச்சுச் சொல்லுவேன். அன்னிக்கு அவர் கையைக் கூப்பினதுக்கு நான் மனசு இளகியிருந்தா, இன்னிக்கு உங்ககிட்ட இந்த வார்த்தையைத் தைரியமா சொல்ல முடியுமா? நீங்கதான் யோசிச்சுப் பார்க்கணும். வர்றவங்க நல்லா இருக்கணுமேன்னுதான் அதையெல்லாம் பார்க்கறது.

என்ன, பதினோரு வீடு பார்த்துட்டீங்களா? அடப்பாவமே. இந்த வாடகைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு வீடே கிடைக்காது, போன்லயே சொன்னேனே. பங்குனி முடியப்போகுது, இப்ப வந்துட்டா நல்லது. சுவரைத் தொட்டுப் பார்க்கறீங்களா, பாருங்க, தாராளமாப் பாருங்க. சொரசொரப்பா ஏதாவது இருக்கா? இருமறீங்களே. பெயிண்ட்டு நெடி அது, ஒரு வாரத்துல போயிடும்.

வீட்டுல எத்தனை பேர்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. நீங்க, உங்க சம்சாரம், அப்புறம்? கைக்குழந்தையா? எத்தனை மாசம்? ரெண்டு மாசமா, அட. முன்னாடியே சொல்ல வேணாமா, நின்னுக்கிட்டே பேச வெச்சுட்டேனே. ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி, கைக்குழந்தைன்னா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வளர்ந்த பிள்ளைங்கதான் மாடிக்கும் கீழுக்கும் ஓடும், பெல் அடிக்கும். தொட்டில் கட்ட எங்கயும் ஆணி அடிக்க வேணாம். மேல பாருங்க, அந்தச் சுவர் ஓரமா இரும்பு வளையம் இருக்கு, வீடு கட்டும்போதே ஹேமா ஊஞ்சல் ஆடறதுக்காகப் போட்டது. அந்த இடம் சித்திரை வெயில்லகூட சில்லுன்னு இருக்கும். அங்கயே கட்டிக்கங்க, குழந்தை அசையாமத் தூங்கும்.